தண்ணி எவ்வளவு நிக்குது?

கார்த்திகை மழை ஒருநாள் ஓய்வு கொடுத்திருந்த சாயங்காலம். திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் வழக்கமான டீக்கடை, வழக்கமான பெஞ்ச். அண்ணன் மகன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "பிளான் ரெடி சித்தப்பா. நீங்க ஒரு தடவை பார்த்துட்டா டிக்கெட் போட்டுருவேன்."

பார்த்தேன். ஐந்து பேர். டிசம்பர் இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கோடியக்கரை. அங்கிருந்து கடலோரமாகவே நடை, 18 கிலோமீட்டர், சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிவு. யார் எந்த பிஸ்கெட் வாங்கிவர வேண்டும் என்பது வரை எழுதியிருந்தான்.

"எல்லாம் இருக்கு. தண்ணியைத்தான் காணோம்" என்றேன்.

"ஆளுக்கு ரெண்டு லிட்டர் சித்தப்பா. கீழ பாருங்க, போட்டிருக்கேன்."

"குடிக்கிற தண்ணியைச் சொல்லலடா. பறவை நிக்கிற தண்ணி."

அவன் விழித்தான். நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன். இது ஒரு டீயில் முடிகிற சங்கதி இல்லை.

கோடியக்கரை எங்கே இருக்கிறது என்று முதலில் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரை சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வந்து, சட்டென்று மேற்கே முழங்கையை மடக்குகிற முனை அது. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. அந்த முழங்கையின் உட்பக்கத்தில், மேற்கே முத்துப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. வெளிமானுக்காக 1967-இல் சரணாலயம் ஆக்கினார்கள். 2002-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சதுப்புக்காகவும், அதில் வந்து இறங்கும் பறவைகளுக்காகவும். கடலோர நடை என்றதும் கடலைப் பார்த்தபடி நடப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே பறவைக் கூட்டத்தில் பெரும்பங்கு கடலில் இல்லை. கடலுக்கு நாம் முதுகு காட்டினால் தெரிகிற பக்கத்தில் இருக்கிறது.

அந்தச் சதுப்பை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். மெதுவடை தின்ற எவர்சில்வர் தட்டு காலியாகக் கிடந்தது. பெஞ்ச் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வு. ஜக்கிலிருந்து இரண்டு கரண்டி அளவு தண்ணீரைத் தட்டில் விட்டேன். சாய்ந்த பக்கம் பாதித் தட்டை நனைத்துக்கொண்டு நின்றது. வடைத் துணுக்குகள் நீரின் விளிம்பில் வரிசையாக ஒதுங்கின.

"இந்தத் துணுக்கெல்லாம் சேத்துல மேயுற உள்ளான் பறவைன்னு வச்சுக்க. இப்ப பாரு." இன்னும் ஒரு கரண்டி விட்டேன். நீர் மட்டம் உயர்ந்தது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் விளிம்பு மூன்று விரற்கடை நகர்ந்துபோய்விட்டது. துணுக்குகளும் கூடவே போயின. பிறகு குனிந்து ஊதினேன். தண்ணீர் முழுவதும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, பழைய இடத்தில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு.

சதுப்பு இவ்வளவுதான். பத்து மீட்டர் நடந்தால் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிற தரை என்று வைத்துக்கொண்டால், ஒரு சாண் தண்ணீர் ஏறுவதற்குள் விளிம்பு இருநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நேற்று நீ பறவை பார்த்த இடத்தில் இன்று நடுத்தண்ணீர். வாடைக்காற்று ஒருநாள் முழுக்க ஒரே பக்கமாக அடித்தாலும் அதே கதை. ஆகையால் 'எந்த இடத்துக்குப் போகலாம்' என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, 'தண்ணி எவ்வளவு நிக்குது?'

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. காற்றழுத்தத் தாழ்வு வந்துபோன மூன்றாம் நாள், ஐப்பசிக் கடைசி, கடன் வாங்கிய பைனாகுலரோடு முதல்முறையாகப் பூநாரை பார்க்கப் போனேன். சாலையிலிருந்து அடிவானம் வரைக்கும் ஒரே வெள்ளம். நடுவில் ஒரு கரண்ட் கம்பத்தின் மேல் செம்பருந்து ஒன்று நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு மொத்தம் பார்த்த பறவைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதில் இரண்டு காக்கை. பூநாரை எல்லாம் பொய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதே வருஷம் மாசியில் கல்யாண வீட்டுக்குப் போனவன் தற்செயலாக எட்டிப் பார்த்தால், அதே இடத்தில் முழங்கால் தண்ணீரில் வெளுத்த ரோஜா நிறத்தில் நீளக் கோடு ஒன்று. கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். நாகப்பட்டினம் கரையோரத்தில் வருஷ மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். புயலும் அந்த மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது இந்த வேதாரண்யம் பக்கம்தான். கோடியக்கரைக் காட்டில் எத்தனை மரம் படுத்துக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பறவைகள் அக்டோபரிலேயே வந்துவிடுகின்றன, சந்தேகமில்லை. ஆனால் சதுப்பு நிரம்பி வழியும்போது அவை சிதறிக் கிடக்கும். மழை நின்று, தண்ணீர் நாள்தோறும் ஒரு விரல் இரண்டு விரல் என்று வற்றி, புதுச்சேறு விளிம்பு விளிம்பாகத் திறந்துகொண்டே போகிற தை மாதம்தான் சாப்பாட்டுக் காலம். பொங்கலில் இருந்து மாசி நடு வரைக்கும் என்பேன். மாசி தாண்டினால் வெயில். அதிலும் ஒரு லாபம் உண்டு: ஊர் திரும்புவதற்கு முன் சில உள்ளான்கள் சாம்பல் சட்டையைக் கழற்றிவிட்டுச் செங்கல் நிறத்தில் மாப்பிள்ளைக் கோலம் போட்டுக்கொள்ளும். அதைப் பார்க்கப் பங்குனி வெயில் தாங்க வேண்டும்.

"அப்ப பொங்கல் லீவுலயே போயிரலாமே?" என்றான்.

போகலாம். பொங்கலை ஒட்டி நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நீ எண்ணுகிற எண்ணிக்கையும் அதில் சேரும். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்றைக்கு அங்கே பறவையைவிட பாட்டுப்பெட்டி அதிகம்.

அடுத்தது கடலின் ஏற்றமும் வற்றமும். வெளிநாட்டுப் பறவைக் கையேடுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஐந்து மீட்டர், ஆறு மீட்டர் என்று கடல் ஏறி இறங்குகிற தேசங்களில் அது சரி. நம் பக்கம் ஒரு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் இரண்டு முழத்தைத் தாண்டாது. ஆனால் தட்டில் பார்த்தோமே, தட்டைத் தரையில் ஒரு சாணே பெரிய விஷயம். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிது. அட்டமியை ஒட்டிச் சின்னது. வற்றம் காலை நேரத்தில் விழுகிற நாளாகப் பார்த்துக்கொண்டால் கடலோரச் சேற்றில் மேய்கிற கூட்டத்தைப் பார்க்கலாம். ஏற்றம் வந்துவிட்டால் அவை மேட்டு மணலில் ஒற்றைக் காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும். நேரம் எப்படித் தெரியும் என்றால், பருவத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து வந்து கோடியக்கரையில் கொட்டகை போட்டுத் தங்கும் மீனவர்களைக் கேள். போன் காட்டுகிற அட்டவணையில் காற்றின் கணக்கு இருக்காது. அவர்கள் கணக்கில் இருக்கும்.

"இப்ப நான் 9.30-னு போட்டதை அடிக்கப் போறீங்க" என்றான்.

அடித்தேன். தை மாதம் சூரியன் ஆறரை சுமாருக்கு உதிக்கும். ஆறேகாலுக்கு நீ சதுப்போரம் நிற்க வேண்டும். அப்படியென்றால் முதல்நாள் ராத்திரி வேதாரண்யத்தில் தங்கல். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ரயில் ஆசை இருந்தால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023-இலிருந்து மறுபடி ஓடுகிறது.

சீக்கிரம் போவது குளிர்ச்சிக்காக மட்டும் இல்லை. வெளிச்சம் உன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சூரியனை எதிர்த்துப் பார்த்தால் எந்தப் பறவையும் கரிக்கோடுதான். பவளக்காலியின் காலும் கறுப்பு, பச்சைக்காலியின் காலும் கறுப்பு. வேதாரண்யத்திலிருந்து வருகிற சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. சதுப்பு அதற்கு மேற்கே. காலையில் மேற்கே பார், வெயில் பின்னாலிருந்து விழும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கீழ்க்கடற்கரைக்குப் போய்க் கிழக்கே பார். இந்த ஒரு வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதிப் பறவைக்குப் பெயர் தெரிந்துவிடும். 18 கிலோமீட்டரை ஏழாக்கு. அதிலும் பாதி நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறாய்.

"ஏழு கிலோமீட்டரா? பசங்க சிரிப்பானுங்க சித்தப்பா."

சிரிக்கட்டும். நடைக் கணக்கு வேண்டுமென்றால் 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜியும் நூறு பேர்வாக்கில் தொண்டர்களும் திருச்சியிலிருந்து இதே வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். ஏப்ரல் 13-இல் புறப்பட்டு 28-இல் வந்து சேர்ந்தார்கள், சித்திரை வெயிலில். அவர்கள் பார்க்க வந்தது உப்பை. உப்பு பறந்து போகாது.

இப்போது அந்தத் தண்ணீரில் யார் யார் நிற்கிறார்கள் என்பதற்கு வருவோம். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முந்நூறு படத்தைப் புரட்டாதே. கால் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழம், அவ்வளவுதான் சட்டம். கரையிலிருந்து உள்ளே பார்வையை நகர்த்திக்கொண்டே போ. ஈரம் மட்டும் உள்ள மணலில் உப்புக்கொத்தி. தண்ணீர் பளபளக்கிற விளிம்பில் கொசு உள்ளான். கணுக்கால் ஆழத்தில் பவளக்காலி. அதற்கும் உள்ளே, ரோஜா நிறக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான், கூடவே நீள மூக்கைக் கண் வரைக்கும் தண்ணீரில் விட்டுத் துழாவுகிற கருவால் மூக்கன். எல்லோருக்கும் அப்பால், வேறு யாரும் நிற்க முடியாத இடத்தில் பூநாரை. அதையும் தாண்டினால் மிதக்கிறவைதான், ஊசிவால் வாத்து மாதிரி. தண்ணீர் ஏறினால் சின்னவர்கள் முதலில் கிளம்புவார்கள். என் ஐப்பசிப் பயணத்தில் பூநாரைக்கே தரை எட்டவில்லை.

நடையிலும் ஒரு அடையாளம் இருக்கிறது, இது படத்தில் வராது. உப்புக்கொத்தி நாலு அடி ஓடும், சடாரென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். அதற்கு இரை கண்ணால் தெரிய வேண்டும். உள்ளான் அப்படி இல்லை. அதன் மூக்கு நுனிக்குத் தொடு உணர்ச்சி உண்டு. சேற்றுக்குள்ளே புழு அசைவது அதில் தெரியும். அதனால் தலையைத் தூக்காமல் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகும். தூரத்தில், பெயர் தெரியாத சாம்பல் புள்ளியாக இருக்கும்போதே இது ஓடி நிற்கிறதா, தைத்துக்கொண்டு போகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பூநாரை இரண்டிலும் சேராது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை வாயில் இழுத்து வெளியே தள்ளி, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. அந்த நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் அழுக்குச் சாம்பலாக நிற்பவை நோயாளிகள் அல்ல, குஞ்சுகள்.

பெயர் குழப்புகிற ஒரு பறவையும் உண்டு. காலை ஒன்பது மணிவாக்கில் மீன் ஏலம் நடக்கிற கரைக்குப் போனால் தலைக்கு மேலே கூச்சலிட்டுச் சுற்றுவது பழுப்புத்தலைக் கடற்காகம். பழுப்புத் தலையைத் தேடித்தேடிக் கண் வலிக்கும். குளிர்காலத்தில் அதற்குத் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மை தீற்றியது போல ஒரு பொட்டு மட்டும். பழுப்பு முக்காடு எல்லாம் மத்திய ஆசிய மலை ஏரிகளில் குடும்பம் நடத்தும்போதுதான்.

பைனாகுலர் பற்றிக் கேட்டான். 8x42 போதும் என்றேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் வாடைக்காற்றில் கை நடுங்குவதும் பத்து மடங்கு தெரியும். இருக்கிற காசுக்கு ஒன்று வாங்கி ஐந்து பேரும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பொறுமையும் வரும்.

இந்த இடத்தில் ஒரு மைனா வந்தது. ரோட்டில் விழுந்திருந்த வடைத் துணுக்கை எடுக்கக் குனிந்தது. இவன் போனைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி இரண்டடி வைத்தான். துணுக்கை விட்டுவிட்டுப் பறந்துபோய் எதிர்க்கடைத் தகரத்தில் உட்கார்ந்தது.

"அதுக்கு இன்னொரு வடை கிடைக்கும்" என்றேன். கொசு உள்ளானின் எடை இருபது முப்பது கிராம், அதாவது இந்த மெதுவடையில் பாதி. வடதுருவத்தை ஒட்டிய பொட்டல் வெளியில் பொரித்து, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி இந்தப் போக்குவரத்தைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். கிட்டே போய் ஒரு தடவை கிளப்பிவிட்டால் தின்றதில் கொஞ்சம் செலவு. நாள் முழுக்கப் பத்துப் பேர் பத்துத் தடவை கிளப்பினால் என்ன மிஞ்சும்?

கிளம்பப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். மேய்கிற பறவை தலையைத் தூக்கி அசையாமல் நின்றால் முதல் எச்சரிக்கை. பக்கத்தில் உள்ளதும் தூக்கினால் நீ நின்றுவிட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் நகர ஆரம்பித்தால் நீ பின்வாங்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. உப்பளத்து வரப்பில், கேட்டுவிட்டு, ஓரமாக ஒரு இடம் பார்த்து உட்கார். நிற்கிற மனுஷனைவிட உட்கார்ந்த மனுஷன் அவற்றுக்குச் சின்ன ஆபத்து. கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அவையே மேய்ந்துகொண்டு கிட்டே வரும். சட்டை மண் நிறத்தில் இருக்கட்டும். உங்கள் ஆபீஸ் கூட்டத்துக்குக் கொடுத்த ஆரஞ்சு பனியன் வேண்டாம். சதுப்புக்குள் கால் வைப்பது அறவே கூடாது. மேலே காய்ந்த பொருக்கு இருக்கும், கீழே உளை. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனைப் பூங்குழலி சேற்றில் மாட்டிவிடுகிற இடம் இந்தக் கோடிக்கரைதான் என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

உச்சி வெயிலுக்குக் காடு இருக்கிறது. வனத்துறையிடம் முன்னாலேயே கேட்டு, அனுமதிச்சீட்டு வாங்கி, பாதை தெரிந்த ஆளோடு போக வேண்டும். ராமர் பாதம் என்கிற மேடுதான் அந்த வட்டாரத்திலேயே உயரம். மேடு என்றால் மாடி உயரம் என்று எண்ணிக்கொண்டு போகாதே. போகிற வழிப் புல்வெளியில் வெளிமான் நிற்கும், எப்போதோ ஊரிலிருந்து அவிழ்ந்து போய்க் காட்டோடு வாழப் பழகிய குதிரைகளும் மேயும். அடிமர நிழலில் சருகைப் புரட்டுகிற சத்தம் கேட்டால் நில். ஆறுமணிக் குருவியாக இருக்கலாம். ஒன்பது நிறத்தை உடம்பில் பூசிக்கொண்டு தரையிலேயே தத்தித் திரியும். வடக்கே கோடையைக் கழித்துவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வருகிற விருந்தாளி. காலை ஆறு, மாலை ஆறு சுமாருக்குக் கூவுவதால் அந்தப் பெயர். கட்டுச்சோற்றைப் பைக்குள்ளேயே வைத்துச் சாப்பிடு. அங்கே இருக்கிற குரங்குகளுக்குப் புளியோதரை என்றால் உயிர்.

எண்ணுவதையும் சொல்லிக் கொடுத்தேன். ஆயிரம் பறவையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு அகலம் என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அகலத்தில் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். நெல் அளக்கிற மரக்கால் மாதிரி. பெயர் தெரியாவிட்டால் 'உள்ளான், இனம் தெரியவில்லை, சுமார் 200' என்று எழுது. அது தப்பில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் தப்பு.

டீ ஆறிப்போயிருந்தது. அவன் போனில் தேதி, நேரம், தூரம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். இருந்தாலும் டிசம்பர் மேல் ஆசை விடவில்லை. "இந்த வருஷம் மழை கம்மியா இருந்தா?"

"கேட்ருவோம்" என்று கோடியக்கரையில் டீக்கடை வைத்திருக்கிற பழைய பழக்கக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பின்னால் காற்று இரைகிற சத்தம்.

"அண்ணே, சதுப்புல தண்ணி எவ்வளவு நிக்குது?"

"ரோட்டை முட்டிக்கிட்டு நிக்குது சார். யாராச்சும் வர்றாங்களா?"

"நம்ம பையன். பூநாரை பார்க்கணுமாம்."

"ரெண்டு நாளா மேல வட்டம் போட்டுட்டுப் போவுது சார், எறங்கல. பொங்க கழிச்சு நானே போன் பண்றேன், அப்ப வரச் சொல்லுங்க."

கடைக்காரப் பையன் வந்து தட்டை எடுத்தான். உள்ளே தண்ணீரும் துணுக்குமாகக் கிடந்ததைப் பார்த்து என்னை ஒரு மாதிரி முறைத்துவிட்டு, சதுப்பு மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டினான்.